சதீஷ் தவனும் ரொத்தம் நரசிம்மாவும்: ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், ஒரு கேள்வி

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் ஒவ்வொரு முறையும் சதீஷ் தவன் என்ற பெயரைச் செய்தியில் கேட்கிறோம். அங்கே உள்ள விண்வெளி மையத்துக்கு 2002-ல் அவர் பெயரை வைத்தார்கள். அவரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், அப்துல் கலாம் மேடைக்கு மேடை சொன்னது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 கடலில் விழுந்தபோது, இஸ்ரோ தலைவராக இருந்த தவன் பத்திரிகையாளர்கள் முன்னால் தானே உட்கார்ந்து பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் வெற்றி பெற்றதும், நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார்.

இந்த ஆய்வு அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முந்தைய காலத்தைப் பற்றியது. அப்போது தவன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இளம் ஆசிரியர். அவரிடம் வந்து சேர்ந்த மாணவர் ரொத்தம் நரசிம்மா. பிற்காலத்தில் பாய்ம இயக்கவியலில், அதாவது காற்றும் நீரும் ஓடும் விதத்தைப் படிக்கும் துறையில், இந்தியா தந்த மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாக ஆனவர். 2020 டிசம்பரில் காலமானார். தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

விமானப் பொறியியல் படிக்க வரும் ஒருவர் மேல் வழிகாட்டியின் தாக்கம் எதில் இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவன் ஊக்கமாகப் பேசினார், தட்டிக்கொடுத்தார் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். கையிலிருக்கும் கருவிகளால் தொடக்கூடிய, அதே சமயம் உலகத்தில் யாரும் முடித்துவைக்காத ஒரு கேள்வியின் பக்கம் மாணவரை நிறுத்தினார். பதில் வந்ததும் தள்ளி நின்றார். அப்புறம் அவரை வெளியே அனுப்பிவைத்தார். இந்த மூன்றும்தான் நரசிம்மாவை உருவாக்கின என்று நினைக்கிறேன்.

தவன் வந்த வழி

1920-ல் ஸ்ரீநகரில் பிறந்தவர் தவன். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய பட்டங்களின் வரிசையே விசித்திரமானது: கணிதமும் இயற்பியலும், பிறகு ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அதற்குப் பிறகு இயந்திரப் பொறியியல். அமெரிக்கா போய் மினசோட்டாவில் முதுகலை முடித்துவிட்டு, கலிஃபோர்னியாவில் உள்ள கால்டெக்கில் ஹான்ஸ் லீப்மனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

லீப்மன் எந்த மரபில் வந்தவர் என்பது இந்தக் கதைக்கு முக்கியம். பறக்கும் பொருளின் மேற்பரப்பை ஒட்டிக் எல்லைப்படலம் எனப்படும் காற்றின் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது, இழுவையின் ரகசியம் அதற்குள்தான் இருக்கிறது என்று 1904-ல் காட்டியவர் ஜெர்மனியின் லுட்விக் பிராண்ட்டில். அவருடைய மாணவர் தியடோர் வான் கார்மன். கால்டெக்கின் விமானவியல் ஆய்வகத்தை நடத்திவந்த வான் கார்மன்தான் 1939-ல் லீப்மனைச் சேர்த்துக்கொண்டார். கோட்பாடும் சோதனையும் ஒரே ஆள் செய்ய வேண்டிய வேலை, கருவி இல்லையென்றால் நீயே செய்துகொள் என்பது அந்த ஆய்வகத்தின் நடைமுறை.

தவனின் முனைவர் பட்ட வேலை அப்படியே அமைந்தது. ஒரு தகட்டின் மேல் காற்று ஓடும்போது உரசல் எவ்வளவு என்று அதற்கு முன்பும் கணக்கிட்டார்கள், பெரும்பாலும் சுற்றுவழியில். தவன் தகட்டின் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, மிதப்பதுபோல் தாங்கவைத்து, காற்று அதை எவ்வளவு இழுக்கிறது என்று நேரடியாக அளந்தார். ஒலியைவிட வேகமான ஓட்டத்திலும் அளந்தார். நாசாவுக்கு முன்னோடியாக இருந்த அமெரிக்க அமைப்பு அதை அறிக்கையாக வெளியிட்டது. உடன்படித்த அனடோல் ரோஷ்கோவுடன் சேர்ந்து, சிறிய மிகைஒலிக் காற்றுச் சுரங்கத்துக்கு (ஒலியைவிட வேகமாகக் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் குழாய்) வளையக்கூடிய நாசில், அதாவது காற்றை முடுக்கும் குழல்வாய் ஒன்றையும் வடிவமைத்தார்.

1951-ல் பட்டம் கிடைத்ததும் பெங்களூரு வந்துவிட்டார். இந்திய அறிவியல் கழகத்தின் விமானப் பொறியியல் துறை, போர்க்காலத்தில் 1942-ல் தொடங்கியது. பக்கத்திலேயே எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை. 1955-ல் தவன் துறைத் தலைவரானார். அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் பிராண்ட்டிலின் இன்னொரு மாணவரான டீட்ஜென்ஸ். ஆக, பெங்களூருக்கு அந்த மரபு புதிதில்லை. தவன் கொண்டுவந்தது, சின்னதாக இருந்தாலும் சோதனைச் சாலையை நாமே கட்டிக்கொள்ளலாம் என்ற துணிச்சல். இந்தியாவின் முதல் மிகைஒலிக் காற்றுச் சுரங்கம் அங்கே அவர் கட்டியதுதான். அதன் சோதனைப் பகுதியின் குறுக்களவு 1 அங்குலத்துக்கு 3 அங்குலம். உள்ளங்கை அளவுகூட இல்லை!

மாணவர் வந்த வழி

நரசிம்மா 1933-ல் பெங்களூரில் பிறந்தார். தந்தை இயற்பியல் ஆசிரியர், கன்னடத்தில் அறிவியல் எழுதியவர். மைசூர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த பெங்களூரு பொறியியல் கல்லூரியில் 1953-ல் இயந்திரப் பொறியியல் முடித்தார். அந்தக் காலத்தில் நல்ல மதிப்பெண் எடுத்த இன்ஜினியருக்கு ரயில்வே, இல்லாவிட்டால் பர்மா ஷெல் போன்ற எண்ணெய்க் கம்பெனி என்பதுதான் எல்லோரும் காட்டிய பாதை. அவருக்கும் அதையே சொன்னார்கள். அவரோ மாணவராக இருந்தபோது இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய், விமானத் துறையில் நின்றிருந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைப் பார்த்திருந்தார். அது மனதில் ஒட்டிக்கொண்டது. அங்கேயே சேர்ந்துவிட்டார்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மாணவரைத் துறைக்கு இழுத்தது ஆசிரியர் அல்ல, விமானம். வழிகாட்டியைப் பற்றி எழுதும்போது எல்லாப் புகழையும் அவருக்கே எழுதிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அது பொருந்தாது. ஆசை ஏற்கெனவே இருந்தது. அந்த ஆசைக்கு ஆசிரியர் என்ன வேலை கொடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நரசிம்மாவுக்கு 20 வயது, தவனுக்கு 33. நரசிம்மா 1955-ல் டிப்ளமோ, 1957-ல் ஆராய்ச்சிக்கான அசோசியேட்ஷிப் என்று படிப்படியாக முடித்தார்.

கேள்வி

இறக்கையின் முன்விளிம்பில் காற்று முதலில் அடுக்கடுக்காக, அமைதியாக வழுக்கிச் செல்கிறது. இதை லாமினார் ஓட்டம் என்கிறோம். கொஞ்ச தூரம் போனதும் அது குலைந்து, சுழலும் குழப்பமுமாக மாறுகிறது. இது டர்புலன்ட் ஓட்டம், கொந்தளிப்பு. கொந்தளிப்பில் உரசல் பல மடங்கு கூடும். உரசல் கூடினால் எரிபொருள் கூடும். ஜெட் இன்ஜினுக்குள் இருக்கும் டர்பைன் பிளேடு என்றால் கவலை இன்னும் பெரிது, ஏனென்றால் அங்கே கொந்தளிப்பு வெப்பத்தையும் உலோகத்துக்குள் வேகமாகக் கடத்தும்.

லாமினார் ஓட்டத்தின் உரசலுக்குக் கோட்பாடு இருந்தது. கொந்தளிப்புக்கு அனுபவச் சூத்திரங்கள் இருந்தன. இரண்டையும் தவன் கால்டெக்கிலேயே தன் மிதக்கும் துண்டை வைத்து அளந்திருந்தார். இரண்டு கரைகளுக்கும் நடுவே இருந்த ஆறுதான் பாக்கி. ஒன்று இன்னொன்றாக மாறும் அந்த இடைப்பகுதியில் என்ன நடக்கிறது?

1951-ல் ஹார்வர்டின் ஹோவர்ட் எம்மன்ஸ் ஒரு மேசைமேல் மெல்லிய நீர்ப்படலத்தை ஓடவிட்டு, ஒரு விஷயத்தைக் கண்ணாலேயே பார்த்தார். மாற்றம் ஒரே கோட்டில் ஒட்டுமொத்தமாக நடப்பதில்லை. அங்கங்கே சின்னச் சின்னக் கொந்தளிப்புத் திட்டுகள் பிறக்கின்றன, ஓட்டத்தோடு நகர்ந்துகொண்டே வளர்கின்றன, ஒன்றோடொன்று சேர்ந்து கடைசியில் முழுப் பரப்பையும் மூடிவிடுகின்றன. பிறகு அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் ஷூபாவரும் கிளெபனாஃபும் காற்றிலும் அப்படித்தான் என்று அளந்து காட்டினார்கள்.

இதை அளக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. வேகம் குறைந்த ஒரு காற்றுச் சுரங்கம், ஒரு தட்டைப் பலகை, ஹாட் ஒயர் எனப்படும் சூடேற்றிய மெல்லிய கம்பி, கம்பியில் வரும் மின்குறியைப் பார்க்க ஒரு கருவி. கம்பியைக் காற்று குளிர்விக்கும் வேகம் மாறும்போது அதன் மின்தடையும் மாறும். ஓட்டம் அமைதியாக இருந்தால் குறி நேர்கோடாகப் போகும். திட்டு ஒன்று கடந்தால் துடிக்கும். கடந்து போனதும் மறுபடி நேர்கோடு. மொத்த நேரத்தில் எத்தனை பங்கு துடிப்பு என்று எண்ணினால், அந்த இடத்தில் கொந்தளிப்பு எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். தொடக்கத்தில் பூஜ்யம், முடிவில் நூறு.

1950-களின் பெங்களூரில் இதைச் செய்ய முடியும். அமெரிக்காவின் பெரிய ஆய்வகங்களோடு வேகத்திலோ அளவிலோ போட்டி போட்டிருந்தால் தோற்றிருப்பார்கள். இந்தக் கேள்வியில் யார் நன்றாக யோசிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. அதனால்தான் தவனின் தேர்வை இவ்வளவு மதிக்கிறேன்.

பதில்

எம்மன்ஸின் கோட்பாட்டை எளிய முறையில் கணக்கிடும்போது, திட்டுகள் தட்டின் எல்லா இடத்திலும் ஒரே வீதத்தில் பிறக்கின்றன என்று வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வரும் வளைகோடு அளவீடுகளோடு சரியாகப் பொருந்தவில்லை. நரசிம்மா வேறு மாதிரி யோசித்தார். திட்டுகள் எங்கும் பிறக்கவில்லை. ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு குறுகிய பட்டையில் மட்டுமே பிறக்கின்றன. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அவை நகர்ந்து விரிவதுதான். இப்படி எடுத்துக்கொண்டால் சூத்திரம் சுருங்கிவிடுகிறது. கொந்தளிப்பின் பங்கு 25 சதவீதம் ஆகும் இடத்துக்கும் 75 சதவீதம் ஆகும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அளவுகோலாக வைத்து வரைந்தால், வெவ்வேறு வேகங்களில், வெவ்வேறு ஆய்வகங்களில் எடுத்த அளவீடுகள் எல்லாம் ஒரே வளைகோட்டில் வந்து உட்காருகின்றன. அந்தச் சூத்திரத்தில் வரும் 0.412 என்ற எண்ணை இன்றும் இத்துறையில் இருப்பவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அவருக்கு அப்போது 24 வயதுகூட நிறைந்திருக்காது, அல்லது அப்போதுதான் நிறைந்திருக்கும்.

இந்தக் கருதுகோள் 1957-ல் அமெரிக்க விமான அறிவியல் இதழில் இரண்டே பக்கக் குறிப்பாக வந்தது. ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் நரசிம்மா மட்டும். தவன் பெயர் இல்லை.

ஆய்வகம் அவருடையது, துறை அவருடையது, மாணவர் அவருடையவர். பெயர் சேர்ந்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். வழிகாட்டியின் பெயர் தானாகவே சேர்ந்துவிடும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியக்கூடாது. ஓர் இளைஞரின் முதல் பெரிய யோசனை அவருடைய பெயரில் மட்டும் உலகத்துக்குப் போகும்போது, அடுத்த யோசனைக்கான தைரியம் அங்கேயே பிறந்துவிடுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் கலாமை முன்னால் அனுப்பிய அதே மனிதரை, 23 ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டு பக்கங்களில் நான் பார்க்கிறேன். இஸ்ரோ நிகழ்ச்சியைத் தனிப்பட்ட பெருந்தன்மை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது அவர் வேலை செய்யும் முறை என்று புரிகிறது.

1958-ல் இருவரும் சேர்ந்து எழுதிய முழுக் கட்டுரை பாய்ம இயக்கவியலின் முதன்மையான ஆங்கில இதழில் வந்தது. இடைப்பகுதியில் சராசரி வேகத்தையும் உரசலையும் எப்படிக் கணக்கிடுவது என்பது அதில் இருக்கிறது. கொந்தளிப்பு இருக்கும் நேரத்தின் பங்குப்படி லாமினார் மதிப்பையும் டர்புலன்ட் மதிப்பையும் கலந்து எடுத்தால் போதும் என்று காட்டினார்கள். வடிவமைப்புப் பொறியாளர் மேசையில் வைத்துப் பயன்படுத்தக்கூடிய முறை. டர்பைன் பிளேடுகளுக்கான கணக்குகளில் இந்த அணுகுமுறை பல பத்தாண்டுகள் புழங்கியது.

அனுப்பிவைத்தல்

இப்படி ஒரு மாணவர் கிடைத்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் அவரைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். தவனோ அவரைத் தன் ஆசிரியர் லீப்மனிடமே போகும்படி ஊக்கப்படுத்தினார். 1957-ல் நரசிம்மா கால்டெக் போனார். அதே ஆண்டு அக்டோபர் 4-ல் ஸ்புட்னிக் பறந்தது. அமெரிக்க விமானவியல் துறைகள் ஒரே இரவில் விண்வெளி பக்கம் திரும்பின.

தான் ஏற்கெனவே வென்ற எல்லைப்படலத்தையே நரசிம்மா அங்கேயும் தொடர்ந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வளிமண்டலத்தின் உச்சியில் இருப்பதுபோன்ற மிக அடர்த்தி குறைந்த வாயுக்களின் ஓட்டத்தை எடுத்துக்கொண்டார். அங்கே வாயுவைத் தொடர்ச்சியான பொருளாக நினைக்க முடியாது, மூலக்கூறுகளின் மோதலிலிருந்து தொடங்க வேண்டும். 1961-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதிர்வலையின் (ஒலியைவிட வேகமான ஓட்டத்தில் அழுத்தம் திடீரென எகிறும் மெல்லிய அடுக்கு) உள்ளமைப்பைப் பற்றி லீப்மன், நரசிம்மா, சஹின் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 1962-ல் வெளிவந்தது.

அதே 1962-ல் பெங்களூரு திரும்பினார். அந்த ஆண்டுதான் தவன் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1981 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1971 டிசம்பர் 30-ல் விக்ரம் சாராபாய் இறந்தபோது தவன் கால்டெக்கில் இருந்தார். திரும்பி வந்து 1972-ல் விண்வெளித் துறையையும் ஏற்றார், கழகத்தின் இயக்குநர் பதவியை விடாமலேயே. இப்படிப்பட்டவருக்குப் பழைய மாணவரின் பக்கத்தில் உட்கார நேரம் இருந்திருக்காது. நரசிம்மாவின் நல்ல வேலைகள் பல இந்தக் காலத்தில்தான் வந்தன. கொந்தளிப்பு திடீர் வெடிப்புகளாக எழும் நிகழ்வைப் பற்றி நாராயண ராவ், பத்ரி நாராயணன் ஆகியோருடன் 1971-ல் எழுதினார். கொந்தளித்த ஓட்டம் மறுபடி அமைதியாகத் திரும்புவதைப் பற்றி மாணவர் கே. ஆர். ஸ்ரீனிவாசனுடன் 1973-ல் எழுதினார். இந்த ஸ்ரீனிவாசன் பின்னாளில் இத்தாலியின் திரியெஸ்தேயில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்துக்கு இயக்குநரானார்.

தாக்கம் என்று எதைச் சொல்லலாம்

எச்சரிக்கையாகத்தான் சொல்ல வேண்டும். தவனைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி, அவரை நேசித்த மாணவர்களும் சகாக்களும் அவர் புகழ்பெற்ற பின் எழுதியவை. நன்றி உணர்ச்சி நினைவுகளை அழகாக்கிவிடும். அறிவியல் பேசும் வீடு, எச்ஏஎல்லும் அறிவியல் கழகமும் ஒரே ஊரில், புதிய நாட்டின் உற்சாகம், இவை எல்லாம் நரசிம்மாவுக்குத் துணை செய்தன. தவன் இல்லாவிட்டாலும் அவர் நல்ல விஞ்ஞானி ஆகியிருப்பார் என்றே நம்புகிறேன்.

ஆனால் எந்த மாதிரி விஞ்ஞானி என்பதில் தவனின் கை தெரிகிறது. அதற்கு நான் காட்டும் சான்று மேகம். முதிர்ந்த வயதில் நரசிம்மா வானிலை பக்கம் போனார். குவிமேகம் எப்படி வளர்கிறது என்ற கேள்வி, விமானமும் ரேடாரும் வைத்துத் துரத்த வேண்டிய ஒன்று. அவரும் சகாக்களும் அதை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் கொண்டுவந்தார்கள். மேகத்துக்குள் நீராவி குளிர்ந்து துளியாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது, அந்த வெப்பம்தான் மேகத்தை மேலே தள்ளுகிறது. இதைத் தொட்டியில் எப்படிச் செய்வது? கீழிருந்து எழும் நீர்த்தாரையில் கொஞ்சம் அமிலம் கலந்து மின்சாரம் கடத்தும்படி செய்தார்கள். குறிப்பிட்ட உயரத்தில் மின்சாரம் பாய்ச்சி, தாரையை உள்ளிருந்தே சூடாக்கினார்கள். இயற்கையான மேகங்களின் பல வடிவங்கள் தொட்டிக்குள் தோன்றின. 2011-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அந்த முடிவுகள் வெளியாயின. கையளவு கருவி, வானளவு கேள்வி. 1 அங்குலச் சுரங்கம் கட்டிய துறையில் வளர்ந்தவருக்கு இது இயல்பாக வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் விமானப் பொறியியல் சொல்லித்தரும் கல்லூரிகள் இன்று ஏராளம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பார்த்தால் செவ்வாய், மிகைஒலிப் பயணிகள் விமானம் என்று இருக்கும். உள்ளே இருப்பது மென்பொருள் வரைந்து கொடுத்த வண்ணப் படம். மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய கைக்கு அடங்குகிற, ஆனால் உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியைத் தேடித் தருவது வழிகாட்டியின் வேலை. அதற்கு வழிகாட்டி தன் துறையை ஆழமாகப் படித்திருக்க வேண்டும். எது முடிந்தது, எது பாக்கி என்று தெரிந்திருக்க வேண்டும். தவன் தானே ஓர் ஆறு ஆண்டுகளுக்கு முன் உரசலை அளந்தவர் என்பதால்தான் பாக்கி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

நரசிம்மா 1984 முதல் 1993 வரை பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வகத்துக்கு இயக்குநராக இருந்தார். அந்த நிர்வாகச் சுமைக்கு நடுவிலும் இளமையில் தொட்ட அந்த இடைப்பகுதியை அவர் விடவில்லை. 1985-ல் அதைப் பற்றி நீண்ட மதிப்புரை ஒன்றை எழுதினார். ஐஐடி டெல்லியில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு அந்த ஆய்வகத்தில் வேலைக்கு வந்திருந்த ராமா கோவிந்தராஜன், அவரிடமே முனைவர் பட்டம் செய்தார். அவர் எடுத்துக்கொண்டதும் லாமினார் ஓட்டம் கொந்தளிப்பாக மாறும் அதே பிரச்சினைதான், இந்த முறை அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும் பரப்புகளில். 1955 வாக்கில் தவனின் ஆய்வகத்தில் தொடங்கியது, மூன்றாம் தலைமுறையில் புதிய கேள்விகளோடு போய்க்கொண்டிருந்தது.